போலிப் பத்திரம்: 77ஏ மனு என்ன ஆகும்?

கேள்வி: அப்பா மனையை யாரோ ஆள்மாறாட்டம் செய்து விற்றிருக்கிறார்கள், போன மாதம் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் போலிப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி மாவட்டப் பதிவாளரிடம் பதிவுச் சட்டம் 77ஏ பிரிவில் மனு கொடுக்கலாமா?

பதில்: அது இப்போது இல்லை சார். 2022 திருத்தத்தில் வந்த அந்தப் பிரிவை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பதிந்த பத்திரத்தை ரத்து செய்வது சிவில் கோர்ட் வேலை.

பதில்: ஆமாம், ஆனால் ஏமாந்தவனுக்குத்தான் அலைச்சல். அப்பா கையெழுத்தே போடாததால், அந்தப் பத்திரம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கேட்டு வழக்குப் போடட்டும். தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் போலீஸில் நில மோசடிப் புகாரும் கொடுங்கள்.

கேட்டவர்: சரி, நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறேன்.