கங்கைச் சொம்புக்குள் புளூட்டோனியமா?

செம்பூர் சரசு:
எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் வாயை ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பு ஒன்று இருக்கிறது. பத்ரிநாத் போன பெரியப்பா ரிஷிகேஷில் வாங்கி வந்தது. போன ஞாயிறு அண்ணன் மகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "பாட்டி, அதைத் தொடாதே, நந்தாதேவி மலையில் அமெரிக்காக்காரன் தொலைத்த புளூட்டோனியம் கங்கையில் கலந்துவிட்டது, 2021-இல் வெள்ளம் வந்ததே அது வெடித்துத்தான், அரசாங்கம் மறைத்துவிட்டது" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். அன்றிலிருந்து அம்மா விளக்கேற்றும்போதுகூட அந்தப் பக்கம் கை நீட்டுவதில்லை. அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ட்ராம்பே பக்கத்திலேயே இருக்கிறோம், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மான்கூர்த் மணி:
நெருப்பில்லாமல் புகையுமா அக்கா? 1982-இல் நந்தாதேவியைத் தேசியப் பூங்கா என்று சொல்லி, அப்புறம் மலையேறப் போனவர்களுக்கே உள்ளே வழியை அடைத்துவிட்டார்கள். சும்மாவா அடைப்பார்கள்?

அணுசக்தி நகர் பழைய ஆள்:
மணி தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நெருப்பு இருந்தது உண்மை, ஆனால் புகை வேறு பக்கம் போகிறது.

1964 அக்டோபரில் சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. அடுத்த சோதனைகளை உளவு பார்க்க, அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வும் நம் உளவுத்துறையும் சேர்ந்து, 1965-இல் இந்திய எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை தாங்கிய எம்.எஸ். கோலி தலைமையில், அதே வருடம் 7,816 மீட்டர் உயர நந்தாதேவி உச்சியில் ஒரு கருவி வைக்கப் போனார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கப் புளூட்டோனியம் அடைத்த ஜெனரேட்டர். பனிப்புயல் வந்ததும் அதை நாலாவது முகாமில் பாறையோடு கட்டிவிட்டு இறங்கிவிட்டார்கள். 1966-இல் போய்ப் பார்த்தால் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்றுவரை கிடைக்கவில்லை.

இதை நமக்குச் சொன்னது யார்? 1978-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை போட்டு உடைத்த பிறகுதான் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து ஒப்புக்கொண்டார். பதின்மூன்று வருடம் மூச்சு விடவில்லை. அதனால் 2021 பிப்ரவரி 7-இல் உத்தராகண்டில் வெள்ளம் வந்தபோது, நந்தாதேவிப் பக்கத்து ரைணி கிராமத்தார் முதலில் இதைத்தான் சந்தேகப்பட்டார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அது ரோந்தி என்ற வேறு சிகரம். பாறையும் பனியுமாகச் சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள்.

மலையை அடைத்ததற்குச் சொன்ன காரணமும் நம்பக்கூடியதுதான். 1974-இல் திறந்துவிட்டதும் கூட்டம் கூட்டமாகப் போய் விறகு வெட்டிக் குப்பை போட்டு நாசம் செய்துவிட்டார்கள்.

சயான் சிவா:
எனக்கு ஒன்று புரியவில்லை. புளூட்டோனியம் என்றால் குண்டுதானே? எப்படி வெடிக்காது என்கிறீர்கள்?

அணுசக்தி நகர் பழைய ஆள்:
புளூட்டோனியத்தில் பல வகை உண்டு. குண்டுக்குப் போவது முக்கியமாகப் புளூட்டோனியம்-239. இந்த ஜெனரேட்டருக்கு வேலை செய்வது புளூட்டோனியம்-238. அது சும்மா இருந்தாலே சூடாகும், அந்தச் சூட்டை மின்சாரமாக்குகிறார்கள், அவ்வளவுதான். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இதே சரக்கில்தான் ஓடுகின்றன. பாதியாகக் குறையவே சுமார் 88 வருடம் ஆகும் என்பதால் மலையில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதன் கதிர் தோலைத் தாண்டாது. தூளாகி மூச்சில் போனால்தான் பெரிய வம்பு. விஷயம் வெளியே வந்த பிறகு ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துக் கலப்பு எதுவும் இல்லை என்றார்கள். நம்புவதா என்று கேட்பீர்கள். என் அப்பா முப்பது வருடம் ட்ராம்பேயில் வேலை பார்த்தார், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அன்றைய வேலை கேட்டுக்குள்ளேயே தங்கிவிடும், 1974-இல் போக்ரானில் நம் முதல் அணுச் சோதனை நடந்த சேதியே எங்கள் வீட்டுக்கு ரேடியோவில்தான் வந்தது. ரகசியம் என்றால் என்னவென்று தெரிந்துதான் சொல்கிறேன்: மாதிரி எடுத்த விவரத்தை வருடா வருடம் வெளியில் போட்டால் யாரும் வீடியோவை நம்ப மாட்டார்கள்.

மான்கூர்த் மணி:
சரி சார், அந்தக் கடைசி வரிக்கு ஒத்துக்கொள்கிறேன்.

செம்பூர் சரசு:
ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மூடியைப் பிரித்து ஒரு சொட்டுச் சோதனைக்குக் கொடுக்கலாமா என்று அண்ணன் மகன் கேட்டதற்கு விழுந்த திட்டு தனி. "அது என் வாயில் கடைசியாக ஊற்றுவதற்கு வைத்திருக்கிற தண்ணீர்டா, அப்போது புளூட்டோனியம் வந்து என்னை என்ன செய்துவிடும்?" என்று சொல்லிவிட்டுச் சொம்பைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.