ஊழியர் கருத்துக்கணிப்பில் 5க்கு 4.4, ஆட்களோ வேலையை விட்டுப் போகிறார்கள். எங்கே பிழை?

நிலாவெளிக்காரி:
வணக்கம். திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் மனிதவளப் பிரிவைப் பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். 52 பேர் வேலை செய்கிறார்கள். தமிழ், சிங்களம் இரண்டும் புழங்கும் இடம். வேலையிடச் சூழல் எப்படி இருக்கிறது என்று அளந்து தரச் சொன்னார் முதலாளி. ஓகஸ்டில் கூகுள் படிவத்தில் 20 கேள்வி போட்டேன், 1 முதல் 5 வரை. 47 பேர் நிரப்பினார்கள். சராசரி 4.4. ஆனால் இந்த சீசனில் ஹவுஸ்கீப்பிங்கில் மட்டும் 6 பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். நான் பெயர் கூடக் கேட்கவில்லை. பிரிவு, வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட சேவை, அவ்வளவுதான்.

உவர்மலை:
தங்கச்சி, பெயர் கேட்காவிட்டால் என்ன? உங்கள் கிச்சனில் எத்தனை பெண்கள்? ‘கிச்சன், பெண், 40க்கு மேல், 8 வருடம்’ என்று குறித்தால் அடையாள அட்டையைக் கையில் கொடுத்த மாதிரிதான். 5 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாமல் விடுவது இந்த வேலையில் வழக்கம். பிரிவை மட்டும் கேளுங்கள், சின்னப் பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.
அப்புறம், பதில் விழும் ஷீட்டைத் திறந்து முதல் நிரலைப் பாருங்கள், நேரம் பதிவாகியிருக்கும். சராசரியை விடுங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை 1, எத்தனை 5 என்று எண்ணுங்கள். பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்டாலும் சராசரி 3, எல்லாரும் 3 போட்டாலும் அதே 3.

நிலாவெளிக்காரி:
பார்த்தேன் அண்ணா. லோண்ட்ரி ஆட்கள் 7 பேர். பிற்பகல் 2.10 இலிருந்து 2.28 வரை, மூன்று நிமிடத்துக்கு ஒருவர். 20 கேள்விக்கும் 5. விசாரித்தால், சுப்பர்வைசரின் போனில் நிரப்பினார்களாம். அவர் பக்கத்தில் நின்று ‘உதவி’ செய்தாராம்.
இன்னொன்று. ‘எமது நிறுவனக் கலாசாரம் எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று ஒரு கேள்வி. அதைப் பற்றி ஒரு அன்ரியிடம் கேட்டதற்கு, "பொங்கல் வைக்கிறதையா கேட்கிறாய் பிள்ளை? நல்லாத்தானே வைக்கிறம்" என்றார்.

சாம்பல்தீவு:
அன்ரியில் பிழை இல்லை. ‘கலாசாரம்’ என்ற சொல்லே படிவத்தில் வேண்டாம். நடந்ததைக் கேளுங்கள்: போன மாதம் ரோஸ்டரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடிந்ததா? கிளாஸ் உடைந்தால் உடனே சொல்வீர்களா, மறைப்பீர்களா? எல்லாக் கூற்றும் நல்லதாகவே இருக்கவும் கூடாது. ஹார்வர்ட் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999 இல் உளப் பாதுகாப்பை, அதாவது பிழையைச் சொன்னாலும் உதவி கேட்டாலும் நமக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கையை, அளக்க வைத்த 7 கூற்றுகளில் 3 எதிர்மறையானவை. கண்ணை மூடிக்கொண்டு 5 போடுபவர் அங்கே பிடிபடுவார்.
சிங்களப் படிவத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். பொருள் நழுவிய இடம் தெரியும்.

நிலாவெளிக்காரி:
நேற்று லோண்ட்ரியில் துவாய் மடித்துக்கொண்டே அரை மணி நேரம் கதைத்தேன். விருந்தினர் பில்லில் வரும் சர்விஸ் சார்ஜ் எங்களுக்குள் எந்தக் கணக்கில் பிரிகிறது என்று ஒருவருக்கும் தெரியாதாம். இதை அடுத்த படிவத்தில் நேரடியாகவே கேட்கலாமா?

உவர்மலை:
கேட்கலாம். முதலில், அந்தக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்ட முதலாளி சம்மதிப்பாரா என்று பாருங்கள். மாட்டார் என்றால் போடாதீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த முறை இத்தனை பேர் நிரப்ப மாட்டார்கள். 4.4 ரிப்போர்ட்டை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.