மறு: காஸ்டிங் நம்பர் – வார்ப்பெண்ணா, வார்ப்பட எண்ணா?

வணக்கம்.

இஞ்சின் பாகத்தை வார்க்கும்போதே அச்சிலிருந்து அதன் மேல் புடைப்பாக விழும் எண்தான் காஸ்டிங் நம்பர். அதற்குத் தமிழில் 'அடையாள எண்' போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உதைக்கிறது. பல நேரம் அந்த எண் எதையும் அடையாளம் காட்டாது என்பதுதான் சிக்கலே.

நான் மொழிபெயர்க்கும் பகுதியையே பாருங்கள். அமெரிக்கக் காயலான் கடை ஒன்றில் எழுபதுகளின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப். என்ன இஞ்சின் என்று தெரியாது. பழைய காகிதத்தை நம்ப முடியாது, இத்தனை வருடத்தில் யாராவது மாற்றிப் பொருத்தியிருக்கலாம். பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இஞ்சின் உடலின், முன்பக்கம் அழுக்கைச் சுரண்டினால் 352 என்று புடைப்பாகத் தெரிகிறது. ஆஹா, இஞ்சின் கொள்ளளவு 352 கன அங்குலம் என்று முடிவு கட்டினால் போச்சு! எஃப்இ என்ற அந்த ஃபோர்டு இஞ்சின் வரிசையில் 360, 390 கன அங்குல பிளாக்குகள் பலவற்றிலும் அதே 352தான் இருக்கும். பின்னவை இரண்டுக்கும் சிலிண்டர் விட்டமும் ஒன்றே, 4.05 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு: 360-க்கு 3.50, 390-க்கு 3.78. அதனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு குச்சியை விட்டு, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கைக் கையால் சுற்றி, குச்சி எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம், தோராயமாக அளந்தாலே பிடிபட்டுவிடும்.

ஆக, அந்த எண் அச்சைப் பற்றித்தான் பேசுகிறது, இஞ்சினைப் பற்றி அல்ல. சொல்லிலும் அது தெரிய வேண்டும். 'வார்ப்பு எண்' நல்ல சொல்தான், ஆனால் புணர்ச்சியில் 'வார்ப்பெண்' ஆகி யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள். 'வார்ப்பட எண்' என்போமே. கோவை ஃபவுண்டரிக்காரர்களுக்கும் வார்ப்படம் புழங்கிய சொல்.

அடுத்தது, பிறகு உளியால் அடிக்கும் எண். செவ்ரோலெட்டின் 'ஸ்மால் பிளாக்' என்ற வி8 இஞ்சினில் வார்ப்பட எண் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் இருக்கும். அடித்த எண் முன்னால், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன் உள்ள சிறு சமதளத்தில். எந்த ஆலை, எந்தத் தேதி, எந்த வகை என்று சொல்வது இதுதான். இதற்கு 'பொறிப்பெண்' என்றார் ஒருவர். இன்னொரு பெண்! போதாக்குறைக்குப் பொறி என்றால் இஞ்சினும்தான்.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அந்தக் கணக்கில் 'வெட்டெண்' எப்படி? வெட்டவில்லை, குத்துகிறார்கள் என்பவர்கள் 'குத்தெண்' என்று எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.

அப்புறம், அந்தச் சமதளத்துக்கு 'மேடை' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.