நீடித்த வளர்ச்சி இலக்குகள்: நாடாளுமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

கேள்வி:
2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட, வறுமை ஒழிப்பு, குடிநீர், கல்வி போன்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கு 2030 வரையே காலம் இருக்கிறது. என் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுத விரும்புகிறேன். வெறும் வேண்டுகோளாக நின்றுவிடாமல், அவரால் உண்மையில் செய்யக்கூடிய எதைக் கேட்கலாம்?

பதில் 1:
நிதிநிலை அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். இந்த இலக்குகளை வகுத்த ஐ.நா. உடன்பாடு சட்டப்படி நாடுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே சட்டம் இயற்றுவதும், நிதி ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் அளிப்பதும், அரசைக் கேள்வி கேட்பதுமான நாடாளுமன்றத்தின் பணிகளே அதற்கு உயிர் தருகின்றன. உடன்பாட்டின் 45ஆம் பத்தி இப்பங்கை வெளிப்படையாக ஏற்கிறது. 17 இலக்குகளையும் பட்டியலிட வேண்டாம். குடிநீர், பள்ளிக்கல்வி என ஒன்றைத் தேர்ந்து, அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று அவையில் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நாடுகள் தாமாக முன்வந்து அளிக்கும் முன்னேற்ற அறிக்கைகள் ஆண்டுதோறும் இந்த இலக்குகளின் முன்னேற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் உயர்மட்ட அரசியல் மன்றத்தில் முன்வைக்கப்படுகின்றன. அவ்வறிக்கை அங்கே செல்லும் முன் நாடாளுமன்றக் குழுவில் விவாதிக்கப்பட வேண்டும் எனக் கோருங்கள். மக்கள் பிரதிநிதிகள் பார்க்காத அறிக்கையை உலகத்தின் முன் வாசிப்பது முறையல்ல என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குடிநீரைத் தேர்ந்துகொண்டேன், ஒதுக்கீட்டு விவரங்களுடன் இவ்வாரமே எழுதுகிறேன்.