ட்ராய் மெக்லூருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கலாமா? ஃபில் ஹார்ட்மனை முன்வைத்து

மேடைப்பித்தன்:

லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகளோடு உட்கார்ந்து ‘சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூனின் பழைய சீசன்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கே மோனோரயில் விற்க வரும் எத்தன் லைல் லான்லி பாட ஆரம்பித்ததும், “மாமா, இது அந்தப் போலி வக்கீல் குரல்தானே?” என்று கேட்டாள். சரியாகப் பிடித்துவிட்டாள். வக்கீல் லயனல் ஹட்ஸ், மார்க்கெட் போன நடிகர் ட்ராய் மெக்லூர், இந்த எத்தன், மூன்று பேருக்கும் ஒரே தொண்டைதான். நகைச்சுவை நடிகர் ஃபில் ஹார்ட்மன். “அப்ப புது சீசன்ல இவங்க யாருமே ஏன் பேசுறதில்ல?” என்றாள். பத்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக: 1998 மே 28 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸின் என்சினோ பகுதியில், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை அவர் மனைவியே சுட்டுக் கொன்றார். பிறகு தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். ஹார்ட்மனுக்கு வயது 49, இரண்டு சிறு பிள்ளைகள். 1991 முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளில் பேசியிருந்தார். தயாரிப்பாளர்கள் வேறு ஆளைத் தேடவில்லை. முன்பே அவர் பேசிவைத்திருந்த கடைசி எபிசோடு அந்த செப்டம்பரில் அவர் நினைவுக்குச் சமர்ப்பணமாக வந்தது. அதோடு ட்ராயும் ஹட்ஸும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். குரல் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மைக் முன்னாடி:

இருக்கு சார். நான் சென்னையில 19 வருஷமா டப்பிங் பேசுறேன். கார்ட்டூன், சீரியல், தெலுங்குப் படம், எது வந்தாலும். ஹார்ட்மன் மேல உங்களுக்கு இருக்கற மரியாதை எனக்கும் உண்டு. ஆனா ஆள் போயிட்டா பாத்திரத்தையும் சேர்த்துப் புதைக்கணும்னு சொல்றது எனக்கு ஒப்பல.

மெல் பிளாங்க்கை எடுத்துக்குங்க. பக்ஸ் பன்னி, டாஃபி டக், போர்க்கி பிக் எல்லாம் அவர்தான். ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ல பார்னியும் அவர். 1961 ஜனவரியில சன்செட் புல்வார்ட்ல பெரிய கார் விபத்து, கோமாவுல கிடந்தார். அப்ப பார்னி பேச்சை நிறுத்தினாங்களா? டாஸ் பட்லர் சில எபிசோடு பேசிக் குடுத்தார். இவர் கண்ணு முழிச்சதும், ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்த வாக்கிலேயே மைக் வெச்சு மறுபடி பேசினார். 1989ல அவர் இறந்த பிறகும் முயல் நிக்கல. வேற வேற ஆளுங்க பேசுறாங்க. இன்னிக்குப் பொறந்த குழந்தைக்கும் பக்ஸ் பன்னி தெரியும், அது வழியா மெல் பிளாங்க்கும் தெரியும். ட்ராய் மெக்லூர் இன்னிக்கு எத்தனை குழந்தைக்குத் தெரியும்? நிறுத்தினது மரியாதைன்னு நீங்க சொல்றீங்க. மறக்கடிச்சதுன்னு நான் சொல்றேன்.

இன்னொண்ணு. 1986ல ‘டென்னிஸ் த மெனஸ்’ கார்ட்டூன்ல டென்னிஸோட அப்பாவும், பக்கத்து வீட்டு வில்சனும் ஹார்ட்மன் குரல்தான். அவர் டிவி ஷோவுக்குப் போனதும் மாரிஸ் லமார்ஷ் வந்து ரெண்டையும் பேசினார். அதை யாராவது அவமரியாதைன்னு சொன்னாங்களா? இது தொழில் சார். ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தர் உட்காருவார்.

மேடைப்பித்தன்:

டென்னிஸின் அப்பா காமிக்ஸிலிருந்து வந்தவர், ஹார்ட்மனுக்கு முன்பே இருந்தார். அங்கே ஆள் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ட்ராய் அப்படியா? அந்தக் குரல் இல்லாமல் தாளில் இருந்த ட்ராய் வெறும் இரண்டு வரி.

மெல் பிளாங்க் விபத்தில் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நாள் கணக்கில் எந்த அசைவும் இல்லாமல் கிடந்தவரிடம் டாக்டர், “பக்ஸ் பன்னி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டாராம். பதில் முயலின் குரலில் வந்திருக்கிறது. மனிதர் திரும்புவதற்கு முன் பாத்திரம் திரும்பியது! இந்த அளவு ஒட்டிப்போனதைப் பிரித்து இன்னொருவர் தொண்டையில் வைக்கலாம் என்கிறீர்கள்.

கோட்டோவியம்:

ஹார்ட்மன் நடிக்க வருவதற்கு முன் என் தொழில்காரர், அதனால் நானும் ஒரு வார்த்தை. கனடாவின் ஒன்டாரியோவில், பிரான்ட்ஃபர்ட் ஊரில் 1948இல் பிறந்தவர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. நார்த்ரிட்ஜில் வரைகலை படித்து, எழுபதுகளில் இசைத்தட்டு உறைகள் வடிவமைத்தார். ‘அமெரிக்கா’, ‘போகோ’ போன்ற இசைக் குழுக்களுக்கு நாற்பது உறைகள் வரை செய்திருக்கிறார். கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவின் சின்னமும் அவர் கைவேலை.

போகோவின் 1978 ‘லெஜண்ட்’ உறையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு குதிரை. எண்ணினால் சில கோடுகள்தான். பல இடங்களில் கோடு அறுந்து நிற்கும், நம் கண்ணே மிச்சத்தை இழுத்து முடித்துக்கொள்ளும். ட்ராய் மெக்லூரின் குரலும் அதே கைதான் என்று எனக்குப் படுகிறது. பழைய விளம்பரப் படங்களில் வருமே, மார்பிலிருந்து எழும் அந்த வெண்ணெய்க் குரல், அது ஒரு கோடு. தன் பெயரைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு, அது இன்னொரு கோடு. அவ்வளவுதான். அவனுக்கு இப்போது வேலை இல்லை, வாடகை பாக்கி, ராத்திரி தூக்கம் வராது என்பதெல்லாம் கோடு போடாத இடத்தில் இருக்கிறது. மிமிக்ரி செய்பவர் கோட்டைப் பிரதி எடுக்கலாம். எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதை எப்படி எடுப்பார்?

மைக் முன்னாடி:

அழகா சொன்னீங்க. ஆனா உங்க தொழில்லயே பதில் இருக்கு. அவர் போட்ட சின்னத்தை அந்தக் குழு அவர் போன பிறகும் வெச்சுக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. குரல்னா மட்டும் ஏன் ஆளோட போகணும்?

கோட்டோவியம்:

அந்தச் சின்னத்தை அப்படியே பயன்படுத்துகிறார்கள். வேறு ஆளை வைத்து அதே மாதிரி புதிதாக வரையச் சொல்வதில்லை. பழைய எபிசோடுகளை ஆயிரம் முறை போடட்டும், எனக்கும் சந்தோஷம்தான்.

சனிக்கிழமை ராத்திரி:

எல்லாரும் கார்ட்டூனையே பிடிச்சுக்கிட்டீங்க. அவரோட முக்கிய வேலை ஸ்கெட்ச் காமெடி, அதாவது சில நிமிஷத்துல முடியற குட்டி நகைச்சுவை நாடகம். 1975ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ‘கிரவுண்ட்லிங்ஸ்’ குழுவோட நாடகம் பார்க்கப் போனவர், பார்வையாளர் இருக்கையிலேர்ந்து எழுந்து மேடை ஏறிட்டார். அங்கதான் நடிகர் பால் ரூபன்ஸோட சேர்ந்து பீ-வீ ஹெர்மன்கிற காமெடிப் பாத்திரத்தை உருவாக்கினது. 1985ல வந்த பீ-வீ படத்துக்குத் திரைக்கதையிலும் கை உண்டு. 1986லேர்ந்து 1994 வரைக்கும் எட்டு சீசன் ‘சாட்டர்டே நைட் லைவ்’ங்கற டிவி ஸ்கெட்ச் ஷோ. கூட நடிச்சவங்க அவருக்கு வெச்ச பேர் ‘பசை’. யார் தடுமாறினாலும் ஸ்கெட்ச் உடையாம ஒட்டிப் பிடிச்சுக்குவார்.

1992 டிசம்பர்ல வந்த ஒரு ஸ்கெட்ச். இவருக்குக் கிளின்டன் வேடம். கிளின்டன் அப்பதான் அதிபர் தேர்தல்ல ஜெயிச்சிருக்கார், இன்னும் பதவி ஏற்கல. ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பினவர் வழியில மெக்டொனால்ட்ஸுக்குள்ள நுழைஞ்சிடுவார். ஒவ்வொரு டேபிளா போய் ஜனங்ககிட்ட அரசியல் பேசிக்கிட்டே அவங்க தட்டுல இருக்கறதை எடுத்துத் தின்பார். சோமாலியாவுக்கு அனுப்பற உணவை ஆயுதக் கும்பல் எப்படி வழிமறிக்குதுன்னு விளக்கணும். எதிர்ல இருக்கறவங்க சாப்பாடுதான் நிவாரணப் பொருள், கும்பல் இவர் கை. அரசியலும் சரியா இருக்கும், பசியும் சரியா இருக்கும். வாய் நிறைய மென்னுக்கிட்டே ஒரு வார்த்தை தெளிவு குறையாம பேசுவார். நேரடி ஒளிபரப்பு, ரீடேக் கிடையாது. நானும் காலேஜ் நாடகத்துல சாப்பிட்டுக்கிட்டே வசனம் பேசியிருக்கேன், அதனால சொல்றேன், அது சாதாரண விஷயம் இல்ல.

1986ல அதிபர் ரீகன் வேடம். கேர்ள் ஸ்கவுட் சிறுமியோட போட்டோ எடுக்கும்போது மறதிக்காரத் தாத்தா. அந்தக் குழந்தை கதவைத் தாண்டினதும் முதுகு நிமிரும், அதிகாரிங்களை விரட்டுவார், வெளிநாட்டுக்காரங்களோட அவங்கவங்க மொழியிலேயே போன்ல பேரம் பேசுவார். நடுவுல இன்னொரு விருந்தாளி வந்தா மறுபடி தாத்தா. ஒரு விநாடியில மாறுவார்.

என் கட்சி என்னன்னா, ஸ்கெட்ச் கலைஞனோட தொழிலே அடுத்தவன் குரலை எடுத்துப் போட்டுக்கறதுதான். அவர் விட்டுட்டுப் போன கிளின்டனை டாரல் ஹம்மண்ட் எடுத்து வருஷக்கணக்கா செஞ்சார். அதனால நான் மைக் முன்னாடி பக்கம்.

மேடைப்பித்தன்:

கிளின்டன் உலகத்தில் தனியாக இருக்கிறார் நண்பரே. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். ட்ராயைச் செய்பவர் ஹார்ட்மனைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அது நகலுக்கு நகல்.

‘நியூஸ்ரேடியோ’ என்ற டிவி நகைச்சுவைத் தொடரையும் பாருங்கள். அதில் பில் மெக்நீல் என்ற தலைக்கனம் பிடித்த செய்தி வாசிப்பாளர் வேடம் அவருக்கு. அவர் இறந்ததும் அந்தப் பாத்திரம் மாரடைப்பில் இறந்ததாகவே எழுதினார்கள். காலி நாற்காலிக்கு வேறு பாத்திரமாக, அவருடைய பழைய நண்பர் ஜான் லவிட்ஸ் வந்தார். அதற்குப் பிறகு ஒரே சீசன்தான் ஓடியது. என் பார்வையில் அவர்கள் செய்தது நேர்மையானது, தோற்றாலும்.

மைக் முன்னாடி:

சரி, தோக்காத ஒண்ணைச் சொல்றேன். ‘ஃப்யூச்சராமா’ கார்ட்டூன்ல ஜாப் பிரானிகன்னு ஒரு விண்கலக் கேப்டன். ஹார்ட்மனை மனசுல வெச்சு எழுதினது. பேசறதுக்குள்ள அவர் போயிட்டார். பில்லி வெஸ்ட் பேசினார். கேட்டுப் பாருங்க, அந்தக் கேப்டன் குறைஞ்சா போயிட்டான்? அந்தக் காலத்து ரேடியோ அறிவிப்பாளர் தொனியும் இருக்கும், ஹார்ட்மனுக்கு ஒரு வணக்கமும் இருக்கும். கதாநாயகன் ஃப்ரைக்கு ஃபிலிப்னு பேர் வந்ததும் இவர் நினைவாத்தான்.

இதே பில்லி வெஸ்ட்தான் 1996ல ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்துல பக்ஸ் பன்னி. மெல் பிளாங்க் விட்ட முயலையும் ஹார்ட்மனுக்கு வெச்சிருந்த கேப்டனையும் ஒரே மனுஷன் தூக்கியிருக்கார். எங்க தொழில்ல இதுக்கு மேல மரியாதை எனக்குத் தெரியாது.

பூனைக்குட்டி:

ஜாப் பிரானிகன் உதாரணம் பொருந்தாது அண்ணா. அந்தப் பாத்திரம் ஹார்ட்மன் குரலில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. பில்லி வெஸ்ட் எதையும் பிரதி எடுக்க வேண்டியிருக்கவில்லை, தானே பிறப்பித்தார்.

நான் வேறு ஒன்றைக் கேட்க வந்தேன். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘கிகி’ கார்ட்டூன் படத்தில், சிறுமி கிகியோடு வரும் கருப்புப் பூனை ஜிஜியின் ஆங்கிலக் குரல் ஹார்ட்மன். அவர் இறந்த பிறகு 1998 செப்டம்பரில்தான் வீடியோவாக வந்தது. ஜப்பானிய மூலத்தில் ஒரு பெண் கலைஞர் பேசிய, சின்னக் குட்டியின் குரல். ஹார்ட்மனின் பூனையோ உலகம் பார்த்த பெரியவர் மாதிரி பேசும், மூலத்தில் இல்லாத வரிகளையும் பேசும். மூலத்தின் முடிவில் ஜிஜி பேசுவது கிகிக்குப் புரியாமலே போய்விடும். ஆங்கிலத்தில் கடைசியில் அது பேசிவிட்டது. 2010 டிவிடியில் அந்த வரியையும், சேர்த்த வசனங்கள் சிலவற்றையும் நீக்கினார்கள்.

சின்ன வயதில் அந்தப் பூனையைத்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் நீக்கியது சரி என்பேன். கிகி வளர்ந்துவிட்டாள் என்பதே அந்த மௌனத்தில் இருக்கிறது. குரல் கலைஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் படம் அவருடையது இல்லையே. அப்படியென்றால் ட்ராய் மட்டும் எப்படி அவருடையவன்?

மேடைப்பித்தன்:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஜிஜியை மியாசாகி முன்பே முடித்துவிட்டார், ட்ராயை ஹார்ட்மனும் எழுத்தாளர்களும் சேர்ந்து கட்டினார்கள், என்பது வரைதான் சொல்ல முடிகிறது.

பின்பாட்டு:

நம்ம ஊர்ல இதே கேள்வி 2024ல வந்தது. ‘லால் சலாம்’ படப் பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் செயற்கை நுண்ணறிவுல கொண்டு வந்தாங்க. குடும்பத்தார்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததா ரஹ்மானே சொன்னார். அதே வருஷம் ‘கோட்’ படத்துல பவதாரிணி குரல். கேட்டப்ப எனக்குக் கண் கலங்கிடுச்சு, மறைக்கல. நாளைக்கு ட்ராய் மெக்லூரும் இப்படி வந்தா என்ன சொல்வீங்க ரெண்டு பேரும்?

மைக் முன்னாடி:

வேண்டாம்னு சொல்வேன். அனுமதி இருந்தாலும். அந்த மைக் முன்னாடி உயிரோட ஒருத்தர் நிக்கட்டும், அவருக்குச் சம்பளம் போகட்டும்.

மேடைப்பித்தன்:

இதில் உங்களோடு நிற்கிறேன். இயந்திரமா இன்னொரு மனிதரா என்று கேட்டால் மனிதர்தான். நிறுத்துவது அதற்கும் மேல்.

மைக் முன்னாடி:

இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சேன்.

நாலு வருஷம் முன்னாடி, குழந்தைங்க கார்ட்டூன் ஒண்ணுல கரடிக்குப் பேசிட்டிருந்த சீனியர் இறந்துட்டார். எனக்கு வாய்ஸ் டெஸ்ட். பழகணும்னு அவரோட பழைய எபிசோடெல்லாம் ராத்திரி ஹெட்ஃபோன்ல கேட்டேன். சிரிக்கறதுக்கு முன்னாடி மூக்கு வழியா ஒரு சின்ன மூச்சு விடுவார், ‘ம்ஹ்’னு. ஸ்கிரிப்ட்ல இருக்காது. கரடியோட உசுரே அதுதான். டப்பிங் தியேட்டர்ல முதல் துண்டுலயே ஒரு சிரிப்பு. நாலாவது டேக்ல அந்த மூச்சு அச்சா வந்துடுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கட்டை விரலைத் தூக்கினார். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. அந்த டேக் வேண்டாம்னு சொல்லிட்டு, மூச்சு இல்லாம என் சிரிப்பையே போட்டேன். இன்னிய வரைக்கும் அந்த மூச்சை எடுக்கல.

பூனைக்குட்டி:

அண்ணா, படிச்சதும் என்ன எழுதறதுன்னு தெரியல.

மேடைப்பித்தன்:

நீங்களே அவருடையது என்று ஒன்றைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். சிம்ப்சன்ஸ்காரர்கள் செய்ததும் அதுதானே? அவர்களுக்கு ட்ராய் முழுக்க அந்த மூச்சாக இருந்திருக்கிறான்.

மைக் முன்னாடி:

இருக்கலாம் சார், அந்த ஒரு பாத்திரத்துக்கு ஒத்துக்கறேன். ஆனா நான் விட்டது ஒரு மூச்சைத்தான். கரடி இன்னும் பேசிட்டிருக்கு. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு அதோட அடுத்த எபிசோடு ரெக்கார்டிங், நான் படுக்கப் போறேன்.