எமுலேட்டர் கேம்ல பட்டன் ஐகான் மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க

பழைய கன்சோல் கேமை எமுலேட்டர்ல (அந்தக் கன்சோல் மாதிரியே கம்ப்யூட்டர்லயோ போன்லயோ கேமை ஓட்டுற மென்பொருள்) வேற பேட் வச்சு விளையாடுறவங்க நிறைய பேர் இருப்பீங்க, எந்த பட்டனை அழுத்தணும்னு திரையில காட்டுற ஐகானை மாத்தின கதை இருந்தா போடுங்க. முதல்ல என்னோடது.

டால்பின்ல (கேம்கியூப் எமுலேட்டர்) விண்ட் வேக்கர்ங்கிற செல்டா கேம், சொந்த டிஸ்க்ல இருந்து எடுத்தது, பேட் மட்டும் எக்ஸ்பாக்ஸ் பேட். கேம்கியூப் பேட்ல நடுவுல பெருசா பச்சை ஏ, அதுக்கு இடது கீழ சின்னதா சிவப்பு பி, வலது பக்கம் எக்ஸ், மேல ஒய். விரல் போற இடம் மாறாம இருக்கணும்னா கேம்கியூப் பி-ய எக்ஸ்பாக்ஸ்ல எக்ஸ் மேலயும், கேம்கியூப் எக்ஸ எக்ஸ்பாக்ஸ் பி மேலயும் வைக்கணும், நானும் அப்படித்தான் வச்சிருந்தேன். எனக்கு பழகிடுச்சு. ஆனா லீவுக்கு அக்கா பையன் வந்து உக்காந்தான் பாருங்க, திரையில சிவப்பா பி காட்டி வாள்னு போட்டிருக்கு, கையில இருக்கிற பேட்லயும் சிவப்பா ஒரு பி இருக்கு, புள்ள வேற எதை அழுத்தும், அதைத்தான் அழுத்துறான், வாளுக்கு பதிலா கேம்கியூப் எக்ஸ்ல வச்சிருந்த ஐட்டம் வெளிய வருது. "மாமா இது ரிப்பேரா"ன்னு கேட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல, திரைதான் அவனுக்குப் பொய் சொல்லுது. அன்னைக்கு ராத்திரியே ஐகானை மாத்திடுறதுன்னு உக்காந்தேன்.

வேலை என்னன்னா, கிராபிக்ஸ் செட்டிங்ல அட்வான்ஸ்டுக்குள்ள டம்ப் டெக்ஸ்சர்ஸ் ஆன் பண்ணா கேம் திரையில வரைய எடுக்கிற ஒவ்வொரு படமும் பிஎன்ஜியா ஃபோல்டர்ல வந்து விழும். ஆன் பண்ணி வச்சுட்டு கேம் முழுக்க சுத்தாதீங்க, கடல், மேகம், புல் எல்லாம் சேர்ந்து குவிஞ்சிடும், அதுல ஐகானைத் தேடுறதுக்குள்ள விடிஞ்சிடும். ஃபோல்டரை காலி பண்ணிட்டு, ஐகான் தெரியிற இடத்துக்குப் பக்கத்துல சேவ் போட்டு, டம்ப் ஆன், ஐகான் வந்ததும் ஆஃப். கிடைச்ச ஃபைல் பேர்ல சைஸ், அப்புறம் நீளமா ஒரு ஹேஷ் (படத்துல இருந்து கணக்குப் போட்டு எடுத்த அடையாளக் குறி), கடைசில ஃபார்மட் நம்பர் இருக்கும், அந்தப் பேர்ல ஒரு எழுத்தைக்கூட தொடக்கூடாது, அதை வச்சுத்தான் எமுலேட்டர் அடையாளம் கண்டுபிடிக்குது. படத்தை மட்டும் மாத்தி, லோட் ஃபோல்டருக்குள்ள டெக்ஸ்சர்ஸ்ல கேம் ஐடி (ஒவ்வொரு கேமுக்கும் இருக்கிற குறியீடு) பேர்ல ஃபோல்டர் போட்டு வச்சு, லோட் கஸ்டம் டெக்ஸ்சர்ஸ் டிக் பண்ணா முடிஞ்சுது. ஐடில முதல் மூணு எழுத்து மட்டும் ஃபோல்டர் பேரா வச்சா அமெரிக்கா, ஐரோப்பா எந்தப் பதிப்பா இருந்தாலும் எடுத்துக்கும்.

மறுநாள் காலைல திரையில எக்ஸ்னு பாத்தான், எக்ஸ அழுத்தினான், வாள் வந்துது. அவன் ஒண்ணுமே சொல்லல, விளையாட ஆரம்பிச்சுட்டான், எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

*

நல்ல பதிவு நண்பா. இதுல எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கிறது அந்த எக்ஸ்தான். எக்ஸ்பாக்ஸ்ல அது இடது, ஸ்விட்ச்ல மேல, கேம்கியூப்ல வலது, பிளேஸ்டேஷன்ல கீழ. நாலு திசையும் ஆச்சு!

நான் பிபிஎஸ்எஸ்பிபி (பிஎஸ்பி எமுலேட்டர்) ஆளு, போன்ல புளூடூத் பேட் போட்டு விளையாடுவேன். ஜப்பான் பிஎஸ்பி கேம்ல வட்டம்தான் ஓகே, எக்ஸ் கேன்சல், நமக்கு வந்த கேம்ல அப்படியே தலைகீழ். ஜப்பான்ல 2020ல பிஎஸ்5 வந்தப்பதான் சோனி அதை மாத்துச்சு, அதுவரைக்கும் அங்க வட்டம்தான். அதனால ஜப்பான் பதிப்பு விளையாடும்போது என் கை ஒவ்வொரு மெனுலயும் தடுமாறும். டெவலப்பர் டூல்ஸ்ல சேவ் நியூ டெக்ஸ்சர்ஸ் ஆன் பண்ணி ஐகானைத் தேடினேன், தனியா ஐகான்னு ஒண்ணுமே கிடைக்கல. பாத்தா எழுத்து ஷீட்டுக்குள்ள (கேமோட எல்லா எழுத்தும் கட்டம் கட்டமா இருக்கிற ஒரே படம்), மத்த எழுத்துக்களோட எழுத்தா வட்டமும் முக்கோணமும் உக்காந்திருக்கு. இப்படி இருந்தா மொத்த ஷீட்டையும்தான் எடுத்து வேலை பாக்கணும், பெருசாக்கினா சரியா ரெண்டு மடங்கு இல்ல நாலு மடங்கு ஆக்குங்க, ஐகான் இருந்த கட்டத்தை விட்டு ஒரு பிக்சல் நகர்ந்தாலும் பக்கத்து எழுத்தோட வால் ஒட்டிக்கிட்டு வரும். சுத்தி இருக்கிற டிரான்ஸ்பரன்ட் பகுதியையும் அப்படியே விடணும், அது போச்சுன்னா ஐகானைச் சுத்தி கறுப்புப் பெட்டி.

ஆனா "பிரஸ் சர்க்கிள்"னு கேம் எழுத்துல சொன்னா அதுக்கு இந்த முறைல ஒண்ணும் பண்ண முடியாது, அது படம் இல்ல, டெக்ஸ்ட்.

*

பிஎஸ்2 பக்கம் இருந்து நானும் சொல்றேன். காட் ஆஃப் வார்ல எதிரி தள்ளாடும்போது தலைக்கு மேல வட்டம் வரும்ல, கண் மூடி திறக்கிறதுக்குள்ள அழுத்தணும், அங்க "வட்டம்னா என் பேட்ல பி"ன்னு மனசுக்குள்ள மொழிபெயர்த்துட்டு இருக்கவே நேரம் கிடையாது. மெனுல ஐகான் தப்பா இருந்தா சமாளிச்சுக்கலாம், இந்த மாதிரி இடத்துல உயிரே போயிடும். பிஎஸ்2 எமுலேட்டர் பிசிஎஸ்எக்ஸ்2ல 2022லயே டெக்ஸ்சர் மாத்துற வசதி வந்துடுச்சு, கிராபிக்ஸ்ல டெக்ஸ்சர் ரீப்ளேஸ்மென்ட்னு இருக்கும், டம்ப்ஸ் ஃபோல்டர்ல எடுத்து ரீப்ளேஸ்மென்ட்ஸ் ஃபோல்டர்ல போடணும். ஒண்ணு கவனிங்க, பிஎஸ்2ல படமும் அதோட கலர் பேலட்டும் (படத்துக்கான கலர் பட்டியல்) தனித்தனி, அதனால ஒரே ஐகான் சாதாரணமா இருக்கும்போது ஒரு ஃபைல், மின்னும்போது இன்னொரு ஃபைல்னு வரலாம், எல்லாத்தையும் மாத்தலேன்னா மின்னுறப்ப பழைய ஐகான் எட்டிப் பாக்கும்.

*

ஒரு சந்தேகம். டால்பின்லயே வேற ஒரு கேம்ல நீல எக்ஸ் வரைஞ்சு போட்டேன், திரையில கிட்டத்தட்ட கறுப்பா வருது. அப்புறம் வீட்ல ரெண்டு வகை பேட் இருக்கு, எனக்கு எக்ஸ்பாக்ஸ், தங்கச்சிக்கு பிஎஸ்4 பேட், ஒவ்வொரு தடவையும் ஃபைலை மாத்திட்டு இருக்கணுமா?

*

கறுப்பா வர்றது உங்க படத்துல இருக்கிற கோளாறு இல்ல. நிறைய கேம்கியூப் கேம்ல ஐகான் படம் வெறும் கறுப்பு வெள்ளையா இருக்கும், கலரை கேம்தான் வரையும்போது மேல பூசும். சிவப்பு பூசுற இடத்துல நீங்க நீலம் வச்சா ரெண்டும் பெருக்கி கறுப்புக்குப் போயிடும். டம்ப் ஆன ஒரிஜினலைப் பாருங்க, அது சாம்பலா இருந்தா நீங்களும் வெள்ளை, சாம்பல்லயே வரைங்க, கலர் கேம் விருப்பம்.

நான் இப்ப எழுத்தே போடுறதில்லை. ஐகானுக்குள்ள நாலு சின்ன வட்டம், மேல கீழ இடது வலதுன்னு, அதுல எந்த இடத்தை அழுத்தணுமோ அது மட்டும் நிறைச்ச வெள்ளை, மத்ததெல்லாம் வெறும் கோடு. கலர் எப்படி வந்தாலும் புரியும், எந்த பேட் கையில இருந்தாலும் சரியா இருக்கும், எழுத்து படிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகூட விளையாடும். உங்களுக்கும் தங்கச்சிக்கும் இதான் சரி. 64க்கு 64 பிக்சல் இருக்கிற ஒரிஜினலை 256க்கு 256 ஆக்கி வரைங்க, இல்லேன்னா அந்த நாலு வட்டமும் மங்கலாயிடும்.

இல்ல, எங்களுக்கு அவங்கவங்க பேட்ல இருக்கிற எழுத்தேதான் வேணும்னா, டூல்ஸ் மெனுல ரிசோர்ஸ் பேக் மேனேஜர் இருக்கு, ரெண்டு தனி பேக்கா ஜிப் பண்ணி வச்சுட்டு, யார் உக்காருறாங்களோ அவங்களோடத ஆன் பண்ணிட்டு கேமை ஸ்டார்ட் பண்ணுங்க.