சரிவில் பாப்கேட் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு சைட்டில் பாப்கேட், அதாவது மண் அள்ளும் சின்ன லோடர் ஓட்டுகிறேன், டயர் வண்டிதான், டிராக் (சங்கிலிப் பட்டை) கிடையாது. இவ்வளவு நாள் சமதளம். இப்போது மேட்டிலிருந்து மண்ணை அள்ளிக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள், மத்தியானம் மழை பெய்தால் அந்தச் செம்மண் சோப்பு மாதிரி வழுக்குகிறது.

எனக்குத் தெரிந்தது இதுதான். பக்கெட் காலியாக இருந்தால் எஞ்சின் இருக்கும் பின்பக்கம்தான் கனம், அதனால் ரிவர்ஸில் ஏறி, முன்பக்கமாக இறங்க வேண்டும். லோடு நிறைந்தால் முன்பக்கம் கனம், அப்போது நேராக ஏறி ரிவர்ஸில் இறங்க வேண்டும். மொத்தத்தில் கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்திருக்கணும், பக்கெட் தரையை ஒட்டியே இருக்கணும், சரிவில் குறுக்கே போகவோ திரும்பவோ கூடாது.

ஆனால் லோடோடு ரிவர்ஸில் இறங்கும்போது பின்னால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வழிகாட்ட ஒரு சிக்னல்மேன் கேட்டால் சூப்பர்வைசர் "சின்ன வண்டிக்கு எதுக்குப்பா" என்கிறார். சின்ன வண்டிதான் சீக்கிரம் கவிழும், சீட் பெல்ட் போடாமல் வெளியே குதித்தால் வண்டி நம் மேலேயே விழும், அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அப்புறம் இன்னொன்று, ஈர மண்ணில் டயர் வண்டியை இறக்கலாமா, இல்லை காயும்வரை நிறுத்தச் சொல்லணுமா? சரிவு எவ்வளவு செங்குத்து என்று சைட்டில் எப்படி அளக்கிறீர்கள்? மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக் காட்டினால் அவர் வாயடைப்பார் என்று நினைக்கிறேன். நாளைக் காலை டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்), அதற்குள் யாராவது சொன்னால் நல்லது.